95 விழுக்காடு ஈரப்பதம் என்றால் என்ன?

சிங்கப்பூரில் இரண்டு தமிழர்கள் மின்தூக்கிக்குள் சந்தித்தால் பேச்சு சாப்பாட்டில் தொடங்கும், இல்லையென்றால் புழுக்கத்தில் தொடங்கும். "இன்னைக்கு ஈரப்பதம் தொண்ணூறாம்க்கா, அதான் இப்படிக் கொட்டுது" என்பார் ஒருவர். "ஆமாம்மா, காத்துல முழுக்கத் தண்ணி" என்பார் மற்றவர். அப்போது பிற்பகல் இரண்டு மணி என்றால், அந்தத் தொண்ணூறு பெரும்பாலும் விடிகாலைக் கணக்காகத்தான் இருக்கும். மழை இல்லாத நாளில் இங்கே சூரியன் எழுவதற்கு முன்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். பிற்பகலில் 60 பக்கம் இறங்கிவிடும்.

எண் குறைந்திருக்கும் நேரத்தில்தான் வியர்வை கொட்டுகிறது. எண் ஏறியிருக்கும் விடிகாலையில் கொஞ்சம் இதமாக நடக்க முடிகிறது. அப்படியானால் அந்த விழுக்காடு எதை அளக்கிறது?

இதற்கு விடை இயற்பிய வேதியியலின் தொடக்கப் பாடங்களில் இருக்கிறது. பொருள்கள் ஏன் உருகுகின்றன, ஆவியாகின்றன, கரைகின்றன என்பதையெல்லாம் மூலக்கூறுகளின் அசைவையும் ஆற்றலையும் வைத்து விளக்கும் துறை அது. சூத்திரம் ஏதும் தேவையில்லை. கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு தப்புக் கணக்கு

95 விழுக்காடு ஈரப்பதம் என்றால் காற்றில் 95 பங்கு தண்ணீர் என்று பொருளில்லை. அப்படி இருந்தால் நாம் மூச்சுவிட முடியாது. சிங்கப்பூரின் புழுக்கமான நேரத்தில்கூட, காற்றிலுள்ள 100 மூலக்கூறுகளில் சுமார் 3 தான் நீர். மீதி பெரும்பாலும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும். அந்த 3 தான் நம்மை இந்தப் பாடு படுத்துகிறது.

சரி, 95 எங்கிருந்து வருகிறது? எதற்கு 95? அதைப் பிடிக்க ஒரு சோற்றுக்கடைக் கூட்டத்தைப் பார்ப்போம்.

தேக்காவில் மதிய நேரம்

தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நின்று பாருங்கள். மேசைகளில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடைபாதையில் பிரியாணித் தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடி அலைகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் கை கழுவ எழுந்தால் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். நிமிடத்துக்கு 20 பேர் எழுகிறார்கள், 20 பேர் உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாடியிலிருந்து பார்த்தால் எதுவுமே மாறாததுபோல் இருக்கும். உட்கார்ந்திருப்பவர் எண்ணிக்கையும் அலைபவர் எண்ணிக்கையும் அப்படியே நிற்கும். ஆனால் ஆட்கள் மாறிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இரு திசையிலும் நடமாட்டம் நிற்காமல், போவதும் வருவதும் சமமாக இருப்பதால் மாறாததுபோல் தெரியும் இந்த நிலைக்கு இயக்கச் சமநிலை என்று பெயர்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை பேர் எழுவார்கள் என்பது உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் பொறுத்தது. எத்தனை பேர் உட்காருவார்கள் என்பது தட்டோடு அலைகிறவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. நடைபாதையின் அகலத்துக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை.

ஒரு டம்ளர் தண்ணீரின் மேற்பரப்பிலும் இதுதான் நடக்கிறது. உட்கார்ந்திருப்பவை திரவத்தில் உள்ள மூலக்கூறுகள், அலைபவை ஆவியில் உள்ளவை. வேகம்தான் கற்பனைக்கு எட்டாதது. 25 டிகிரியில், மூடிய பாத்திரத்துக்குள், ஒரு சதுர சென்டிமீட்டர் நீர்ப்பரப்பில் ஒரு வினாடிக்கு வந்து மோதும் நீராவி மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எழுத 1 போட்டு 22 சுழியம் போட வேண்டும். நம் கண்ணுக்கு அது அசையாத தண்ணீர்.

எழுந்து போவது யார்?

தண்ணீர் 100 டிகிரியில்தான் ஆவியாகும் என்று பள்ளியில் படித்ததை அப்படியே மனத்தில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். 100 டிகிரி என்பது கொதிநிலை மட்டுமே. பாத்திரம் கழுவும் தொட்டியில் சிந்திய தண்ணீர் 28 டிகிரியிலேயே காய்ந்துபோகிறது, யாரும் அதைக் கொதிக்க வைக்கவில்லை.

ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில மெதுவாக, பெரும்பாலானவை நடுத்தரமாக, மிகச் சில வெறிபிடித்த வேகத்தில். வெப்பநிலை என்பது இந்த இயக்க ஆற்றலின் சராசரியைக் காட்டும் எண். திரவத்தில் பக்கத்து மூலக்கூறுகளின் பிடியை உதறிவிட்டு வெளியேற, ஒரு நீர் மூலக்கூறுக்குச் சராசரி ஆற்றலைப்போல் சுமார் 12 மடங்கு தேவை. அவ்வளவு ஆற்றல் கோடியில் ஒன்றிரண்டுக்குத்தான் வாய்க்கும். மூலக்கூறுகளின் எண்ணிக்கை அத்தனை பெரிது என்பதால் அந்த ஒன்றிரண்டே போதும்.

இங்கேதான் சுவாரசியம். வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றினால் சராசரி கொஞ்சம்தான் ஏறும். ஆனால் அந்தக் கோடியில் ஒன்றிரண்டாக இருந்த கூட்டம் மளமளவென்று பெருகும். வெளியேறும் வேகத்தை அளக்க ஒரு வசதியான வழி இருக்கிறது: மூடிய பாத்திரத்தில் சமநிலை வந்த பிறகு, ஆவி மட்டும் சுவரில் தரும் அழுத்தத்தை அளப்பது. அதற்குத் தெவிட்டிய ஆவி அழுத்தம் என்று பெயர். தண்ணீருக்கு 25 டிகிரியில் அது 3.17 கிலோபாஸ்கல். 35 டிகிரியில் 5.62. பத்தே டிகிரி ஏற்றியதில் சராசரி ஆற்றல் சுமார் 3 விழுக்காடுதான் கூடியது. ஆவி அழுத்தமோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. இயற்பிய வேதியியலில் ஒரே ஒரு செய்தியைத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளச் சொல்வேன். சமையல் வேகமும் மருந்து கெட்டுப்போவதும்கூட இப்படி அதிக ஆற்றல் வாய்த்த சிறு கூட்டத்தின் வேலைதான்.

கொதிப்பதைப் பற்றி ஒரு வரி: ஆவி அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை, அதாவது கடல்மட்டத்தில் 101 கிலோபாஸ்கலை, எட்டும்போது திரவத்தின் உள்ளேயே குமிழி உண்டாக முடியும். அதுதான் கொதிப்பு. பிரஷர் குக்கரில் அழுத்தம் ஏறுவதால் கொதிநிலையும் 120 டிகிரி பக்கம் ஏறுகிறது.

இதுவரை பார்த்தது: நீர்ப்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கின்றன. போகிற வேகத்தை நீரின் வெப்பநிலை தீர்மானிக்கிறது. வருகிற வேகத்தை, மேலே ஏற்கெனவே எவ்வளவு ஆவி இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது.

காற்று பஞ்சு இல்லை

ஈரப்பதத்தை விளக்கும்போது பலர் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "சூடான காற்று அதிகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், குளிர்ந்த காற்று குறைவாகப் பிடிக்கும்." காற்று ஏதோ பஞ்சு மாதிரியும், அதன் ஓட்டைகள் நிறைந்ததும் தண்ணீர் வழிவது மாதிரியும் ஒரு படம் மனத்தில் விழுந்துவிடுகிறது. பாடப்புத்தகங்களில்கூடப் பார்த்திருக்கிறேன். கணக்கு ஓரளவு சரியாக வரும் என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் காரணம் தவறு.

இதை 200 ஆண்டுகளுக்கு முன்பே உடைத்துவிட்டார் ஜான் டால்டன். அணுக்கொள்கைக்காகப் பெயர் பெற்ற அதே டால்டன்தான். அடிப்படையில் அவர் ஒரு வானிலைப் பைத்தியம். 1787ல் தொடங்கிய வானிலைக் குறிப்பேட்டை 1844ல் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். பாதரசக் குழாயின் உச்சியில் இருக்கும் வெற்றிடத்தில் கொஞ்சம் நீரைச் செலுத்தி, அதன் ஆவி பாதரசத்தை எவ்வளவு கீழே தள்ளுகிறது என்று அளந்தார். காற்று இருக்கும் பாத்திரத்திலும் அளந்தார். ஒரே வெப்பநிலையில் இரண்டிலும் நீராவியின் அழுத்தம் ஒன்றாகவே இருந்தது. பிடித்துக்கொள்ளக் காற்றே இல்லாத இடத்திலும் அதே அளவு ஆவிதான் நின்றது!

வாயுக் கலவையில் ஒவ்வொரு வாயுவும் தான் மட்டும் இருப்பதுபோலவே தன் பங்கு அழுத்தத்தைத் தருகிறது. அந்தப் பங்குக்குப் பகுதி அழுத்தம் என்று பெயர். நீராவிக்கு நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் பக்கத்தில் நடமாடும் வேற்றாட்கள், அவ்வளவுதான். எவ்வளவு ஆவி தங்கும் என்பது தண்ணீருக்கும் அதன் வெப்பநிலைக்கும் இடையிலான விவகாரம்.

புழுக்கமான காற்று கனமாக இருக்கிறது என்று சொல்வதும் இதே ரகம். நீர் மூலக்கூறின் எடை 18, நைட்ரஜனுடையது 28, ஆக்ஸிஜனுடையது 32. அதே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் கனமான மூலக்கூறுகளின் இடத்தில் இலேசானவை வந்து நிற்பதால் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட இலேசு. கனமாக இருப்பது நம் உடம்புதான்.

95ம் 63ம் ஒன்றே

இப்போது விழுக்காட்டுக்கு வரலாம். ஒப்பு ஈரப்பதம் என்பது ஒரு விகிதம். காற்றில் இப்போது உள்ள நீராவியின் பகுதி அழுத்தத்தை, அந்த வெப்பநிலைக்குரிய தெவிட்டிய ஆவி அழுத்தத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வருவது. தேக்கா மொழியில்: நிமிடத்துக்கு 20 பேர் எழ, 19 பேர் உட்கார்ந்தால் 95 விழுக்காடு.

சிங்கப்பூரின் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். விடிகாலை 25 டிகிரி, 95 விழுக்காடு. தெவிட்டிய அழுத்தம் 3.17. அதில் 95 விழுக்காடு 3.0 கிலோபாஸ்கல். அதே நாள் பிற்பகல் 32 டிகிரி, 63 விழுக்காடு. 32 டிகிரிக்குத் தெவிட்டிய அழுத்தம் 4.76. அதில் 63 விழுக்காடு? மறுபடியும் 3.0 கிலோபாஸ்கல்.

காற்றிலுள்ள நீரின் அளவு காலையிலும் பிற்பகலிலும் ஒன்றுதான். எந்த வெயிலும் ஈரத்தை "எரித்துவிடவில்லை". வகுக்கும் எண் பெரிதானதால் விழுக்காடு இறங்கிவிட்டது, அவ்வளவே. அந்த நீர் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், கனமீட்டருக்கு ஏறத்தாழ 21 கிராம். ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாதாரணப் படுக்கையறைக் காற்றில் அரை லிட்டர் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருக்கிறது.

இதனால்தான் எனக்கு விழுக்காட்டைவிடப் பனிநிலை என்ற அளவு பிடிக்கும். காற்றை அப்படியே குளிர வைத்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் அது 100 விழுக்காட்டைத் தொடுமோ அதுதான் பனிநிலை. மேலே சொன்ன நாளில் காலையிலும் பிற்பகலிலும் அது 24 டிகிரி. வெப்பநிலை ஏறி இறங்குவதால் இந்த எண் ஆடாது. உண்மையிலேயே நீர் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். கைப்பேசியின் வானிலைச் செயலிகள் பலவற்றில் இது ஏதாவது ஒரு மூலையில் இருக்கும்.

சுருக்கமாக: விழுக்காடு, இருக்கும் நீரையும் வெப்பநிலையையும் கலந்து சொல்கிறது. பனிநிலை நீரை மட்டும் சொல்கிறது.

மூங்கில் கழியில் துணி, டப்பாவில் உப்பு

விழுக்காடு பயனற்ற எண் என்று சொல்ல வரவில்லை. துணி காயப்போடுகிறவருக்கு அது மிக நல்ல எண். சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் தொங்கும் ஈரத்துணி ஏறக்குறையக் காற்றின் வெப்பநிலையில் இருக்கிறது. விடிகாலையில் போகிற வேகம் 3.17, வருகிற வேகம் 3.0. மிச்சம் வெறும் 0.17. பிற்பகலில் 4.76லிருந்து 3.0 போக 1.76. காகிதக் கணக்கில் பத்து மடங்கு வேகம். ஆவியாகும்போது துணி தானே குளிர்வதால் நடப்பில் அவ்வளவு கிடைக்காது. வெயில் நேரடியாக விழுந்தால் அந்தக் குறை தீரும். காற்று அடிப்பதும் உதவும். துணியை ஒட்டி நிற்கும் ஆவியை விரட்டி, திரும்பி வந்து உட்காரும் ஆட்களைக் குறைப்பதுதான் அதன் வேலை. இரவில் கூடத்தில் கொடி கட்டி மின்விசிறியைச் சுழலவிடுகிறவர்கள் செய்வதும் அதைத்தான்.

உப்பு டப்பா இன்னும் வேடிக்கை. இங்கே உப்பு இரவில் பிசுபிசுப்பதும், பிறகு கல்லாக இறுகுவதும் எல்லார் வீட்டிலும் நடக்கிறது. தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் வெளியேறத் தயாராக நிற்கும் நீர் மூலக்கூறுகள் குறைந்துவிடும், உப்பின் அயனிகளும் அவற்றைப் பிடித்து இழுக்கும். அதனால் கரைசலின் ஆவி அழுத்தம் தூய நீரைவிடக் குறைவு. கரைசல்களின் ஆவி அழுத்தம் எவ்வளவு குறையும் என்று கணக்கிட 1880களில் வழி சொன்னவர் பிரான்சின் பிரான்சுவா ரௌல்ட். இன்றும் அது ரௌல்ட் விதி என்றே பாடத்தில் வருகிறது. சாப்பாட்டு உப்பின் அடர்கரைசல் கணிசமாகவே விலகி நடக்கும் என்றாலும், போக்கு அதேதான்.

சாப்பாட்டு உப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைந்த நீரிலிருந்து, தூய நீரில் 100 மூலக்கூறு எழும் இடத்தில் 75தான் எழும். இரவுக் காற்று 95 என்ற கணக்கில் மூலக்கூறுகளைக் கொண்டுவந்து போடுகிறது. வரவு 95, செலவு 75. உப்பு ஈரமாகிறது. பிற்பகலில் வரவு 63, செலவு அதே 75. ஈரம் காய்கிறது, கரைந்த உப்பு மறுபடி படிகமாகும்போது பக்கத்துப் பரல்களை ஒட்டவைத்துவிடுகிறது. சில நாள் இப்படியே போனால் கட்டிதான். டப்பாவை இறுக்கி மூடுவதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியவில்லை.

துணி அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் இருப்பது கால்சியம் குளோரைடு. அதன் அடர்கரைசலுக்கு அந்த எண் 30 பக்கம். சிங்கப்பூரின் காற்று சாதாரணமாக அவ்வளவு கீழே இறங்குவதே இல்லை என்பதால், அது எப்போதும் வரவுக் கணக்கில்தான் இருக்கும். பட்டுச்சேலைக்குப் பக்கத்தில் வைத்த டப்பாவில் சில வாரத்தில் தண்ணீர் நிற்பது இதனால்தான். சேலையின் மேல் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது வெறும் தண்ணீர் இல்லை.

மூக்குக்கண்ணாடி மங்குவது

கடைத்தொகுதியின் குளிரிலிருந்து வெளியே கால் வைத்ததும் கண்ணாடி மங்கும். கண்ணாடி 22 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். அந்த வெப்பநிலையில் நீர்ப்படலத்திலிருந்து எழுவது 2.64. வெளிக்காற்று கொண்டுவருவது 3.0. மிச்சம் படிகிறது. கண்ணாடி 24 டிகிரியைத் தாண்டியதும் கணக்குத் திரும்பி, மங்கல் தானே மறைகிறது. பேருந்துச் சன்னலின் வெளிப்புறம் மங்குவதும் இதே கதை.

அறையைக் குளிர்விக்கும் ஏசிக்குள் இருக்கும் சுருள் 10 டிகிரி பக்கம் இருந்தால், அங்கிருந்து எழுவது 1.23 மட்டும். அறைக்காற்றின் நீர் அதில் படிந்து குழாய் வழியே சொட்டுகிறது. அறை இதமாவதில் இந்தச் சொட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

தோலின் கணக்கு வேறு

இப்போது மின்தூக்கிப் பேச்சுக்குப் பதில் சொல்லலாம். துணிபோல் தோல் காற்றின் வெப்பநிலையில் இருப்பதில்லை. வியர்வையில் நனைந்த தோல் சுமார் 35 டிகிரி. அங்கிருந்து எழுவது 5.62. வியர்வையில் கொஞ்சம் உப்பு உண்டு, இந்தக் கணக்குக்கு அதை விட்டுவிடலாம். காற்று திருப்பித் தருவது காலையிலும் 3.0, பிற்பகலிலும் 3.0. ஆக மிச்சம் இரண்டு நேரத்திலும் 2.62. விழுக்காடு 95 ஆனாலும் 63 ஆனாலும் வியர்வை உலரும் வாய்ப்பு ஒன்றே. பிற்பகலில் நாம் தவிப்பதற்குக் காரணம் வெயிலும் 32 டிகிரியும். ஈரப்பதம் கூடியதால் இல்லை.

வியர்வை ஏன் குளிர்விக்கிறது? வேகமான மூலக்கூறுகள் எழுந்து போய்விட்டால் மிச்சமிருப்பவற்றின் சராசரி இறங்கும், அதாவது வெப்பநிலை இறங்கும். அந்த இழப்பைத் தோலின் வெப்பம் ஈடுகட்டுகிறது. வெப்பநிலை மாறாமல் திரவத்தை ஆவியாக்கச் செலவாகும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் எடுத்துக்கொண்டு போகும். சொட்டித் தரையில் விழும் வியர்வை கிட்டத்தட்ட எதையும் எடுத்துப்போகாது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தாலும் அதே நட்டம்தான்.

ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் "எங்க மதுரையில 38 அடிச்சாலும் தாங்கும், இங்க 32க்கே உயிர் போகுது" என்பது வெறும் ஊர்ப்பாசம் இல்லை. 38 டிகிரி, 35 விழுக்காடு என்று வைத்துக் கணக்குப் போட்டால் காற்றின் பகுதி அழுத்தம் 2.3தான் வருகிறது. தோலுக்கு மிச்சம் 3.3. இங்கே 2.62. அங்கே வியர்வை வேகமாக உலர்கிறது, இங்கே சட்டையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பனிநிலை 35 டிகிரியை எட்டினால் வரவும் செலவும் சமமாகி, வியர்வை உலர்வது அடியோடு நின்றுவிடும். சிங்கப்பூர் அதிலிருந்து வெகு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் கட்டுமானத் தளத்தில் கம்பி தூக்குகிறவரின் உடம்பு உண்டாக்கும் வெப்பம் அதிகம். அவருக்கு ஆபத்து வெகு முன்னாலேயே தொடங்கிவிடும். இதனால்தான் இங்கே வெயிலின் தாக்கத்தை வெறும் வெப்பமானியால் அளப்பதில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, வெயிலை வாங்கும் கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி, நிழலில் வைத்த சாதாரண வெப்பமானி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்குகிறார்கள். திறந்தவெளிக்கான கணக்கில் ஈரத்துணிக்கு 70 விழுக்காடு எடை, கோளத்துக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10. உலர முடியாத துணியும் உலர முடியாத தோலும் ஒரே நிலையில் இருப்பதால் ஈரத்துணிக்கு அத்தனை மதிப்பு.

2023லிருந்து மனிதவள அமைச்சின் விதி இந்த எண்ணை வைத்துத்தான் ஓடுகிறது. அது 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடும் உடலுழைப்பில் இருப்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33ஐத் தொட்டால் 15 நிமிடம். கட்டுமானத்தில் வேலை பார்க்கும் தம்பி யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், தளத்தில் அந்த எண் எங்கே எழுதிப் போட்டிருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைப்பேசி காட்டும் 32ம் அந்தப் பலகையில் இருக்கும் 32ம் வேறு வேறு.